சமைத்தவர் பெயர் எங்கே? – பிலிப்பைன்ஸ் நாட்டு அடுப்படி சொல்லும் செய்தி

(நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், உணவுத் தொழில் செய்யும் குழுக்களுக்காக ஆற்றப்பட்ட உரை. அன்று வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டபடி இங்கே எழுத்தில் தருகிறோம்.)



இன்றைக்கு ஒரு வெளிநாட்டுச் சமையலைப் பற்றிப் பேசப் போகிறேன். பிலிப்பைன்ஸ் நாட்டுச் சமையல். "நம்ம ஊர் இட்லிக் கடைக்கும் அந்த நாட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று யாராவது கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்த நாட்டில் ஏழைப் பெண்களின் அடுப்பில் பிறந்த பதார்த்தங்கள் இன்று நட்சத்திர உணவகங்களின் மேசைக்கு ஏறியிருக்கின்றன. அப்படி ஏறும்போது சமைத்த பெண்ணின் பெயரும் சில சமயம் கூடவே ஏறியது. சில சமயம் பெயர் கீழேயே நின்றுவிட்டது. ஏன் அப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. 7,641 தீவுகள் சேர்ந்தது பிலிப்பைன்ஸ். மக்கள் தொகை 11 கோடிக்கு மேல். தலைநகர் மணிலா. 300 ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயின் ஆண்டது. பிறகு அமெரிக்கா. 1946ல் சுதந்திரம். ஆட்சி மாறினாலும் அடுப்பு மாறவில்லை. மூன்று வேளையும் சோறு, தேங்காய், புளி, கருவாடு, வாழையிலை. நாம் நெல், அரிசி, சோறு என்று மூன்று சொல் வைத்திருக்கிறோம் அல்லவா? அவர்களும் அப்படியே. நெல்லுக்குப் பாலாய், அரிசிக்கு பிகாஸ், சோற்றுக்கு கானின். பழைய சோற்றுக்கு ஒரு பெயர், அடிப்பிடித்த காந்தலுக்கு ஒரு பெயர், குழந்தைக்குக் கொடுக்கும் கஞ்சித் தண்ணிக்கு ஒரு பெயர். சோறு அவ்வளவு முக்கியம். தொட்டுக்கொள்ள என்ன இருந்தாலும் அதற்கு 'ஊலாம்' என்று ஒரே பெயர்தான்.

இருப்பதை வைத்துச் சமைப்பது

அவர்களுடைய பெயர் பெற்ற பதார்த்தம் அடோபோ. கறியை வினிகரில் வேகவைப்பது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் வெப்ப நாட்டில் கறி கெடாமல் இருக்கப் பெண்கள் கண்ட வழி அது. வினிகரும் வெளியில் வாங்கியதல்ல. தென்னங்கள்ளைப் புளிக்க வைத்தும் கரும்புச் சாற்றிலிருந்தும் வீட்டுப் பக்கமே செய்வார்கள்.

செய்முறை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கோழிக்கறி, வினிகர் அரை டம்ளர், சோயா சாஸ் அரை டம்ளர், ஒரு முழுப் பூண்டைத் தட்டிப் போடுவது, பிரிஞ்சி இலை மூன்று, முழு மிளகு ஒரு தேக்கரண்டி. எல்லாவற்றையும் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைக்க வேண்டும். கொதி வந்து வினிகரின் காட்டம் அடங்கும் வரை கரண்டியே போடக் கூடாது. கிண்டினால் பச்சை வாடை நின்றுவிடும் என்பது அந்த ஊர்ப் பாட்டிமார் சொல்லும் பக்குவம். கறி வெந்து சாறு சுண்டியதும் இறக்கலாம். மறுநாள்தான் ருசி கூடுதல். நம்ம மீன் குழம்பு மாதிரி!

அடுத்தது சினிகாங். பச்சைப் புளியங்காயை வேகவைத்து மசித்து, அந்தப் புளிப்பு நீரில் மீனோ இறாலோ கறியோ போட்டு, முள்ளங்கி, கத்திரிக்காய், வெண்டைக்காய், காராமணிக் காய், வள்ளைக் கீரை எல்லாம் சேர்ப்பார்கள். மசாலாப் பொடி எதுவும் கிடையாது. புளி இல்லாத இடத்தில் மாங்காய், கொய்யா, புளிச்சங்காய் என்று மரத்தில் எது காய்த்திருக்கிறதோ அதைப் போடுவார்கள். "இன்னது இல்லை, அதனால் சமைக்கவில்லை" என்ற பேச்சே கிடையாது.

பீக்கோல் என்ற பகுதியில் சேம்பு இலையைக் காயவைத்து, தேங்காய்ப் பாலில் மிளகாயோடு வேகவைக்கிறார்கள். லயிங் என்று பெயர். இதையும் முதலில் கிண்டக் கூடாது, கிண்டினால் தொண்டை அரிக்கும் என்பார்கள். சேம்பு இலை சமைத்த நமக்கு அந்த அரிப்பு தெரியும்! கத்திரிக்காயைத் தணலில் சுட்டு, தோல் உரித்து, காம்பு போகாமல் முள்கரண்டியால் தட்டையாக அமுக்கி, அடித்த முட்டையில் தோய்த்துப் பொரிப்பது இன்னொன்று. ஒரு கத்திரிக்காய், ஒரு முட்டை. ஓர் ஆளுக்கு ஒரு வேளை ஊலாம் தயார். முந்தின நாள் சோற்றைப் பூண்டு போட்டு வதக்கினால் காலைப் பலகாரம்.

தெருவோரக் கடைகளில் கோழியில் ஒன்றையும் வீணாக்குவதில்லை. சுட்ட கோழிக்காலுக்கு 'அடிடாஸ்' என்று பெயர், காலணி கம்பெனி பெயர். தலைக்கு 'ஹெல்மெட்'. சதுரமாக வெட்டிய ரத்தத்துக்கு 'பெட்டமாக்ஸ்', பழைய வீடியோ கேசட் பெயர். பன்றிக் காதுக்கு 'வாக்மேன்'. சிரிக்கிறீர்கள், நல்லது. வேண்டாம் என்று தள்ளியதற்கு ஒரு பெயர் வைத்தால் அது விலை போகும் பொருளாகிவிடுகிறது. இதை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிக்கனம் வேறு, பட்டினி வேறு. மணிலாவின் குடிசைப் பகுதிகளில் உணவகங்கள் குப்பையில் கொட்டிய கறியைப் பொறுக்கிக் கழுவி மறுபடியும் சமைத்து விற்கிறார்கள். 'பக்பாக்' என்று அதற்குப் பெயர். தூசி தட்டுவது என்று பொருள். அதைக் கைத்திறமை என்று யாரும் புகழக் கூடாது. அது இல்லாமையின் அடையாளம்.

கைகாட்டிச் சாப்பிடும் கடை

வீட்டுச் சமையல் முதலில் வெளியே வந்த இடம் கரிந்தேரியா. சின்னச் சாப்பாட்டுக் கடை. வீட்டு முன்பக்கத்தில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, வரிசையாகச் சட்டிகள். வாடிக்கையாளர் சட்டியைத் திறந்து பார்த்து, "இது, அது" என்று கைகாட்டுவார். அதனால் 'துரோ-துரோ' என்றும் சொல்வார்கள். கைகாட்டு, கைகாட்டு என்று அர்த்தம். காசு குறைவாக இருந்தால் பாதி அளவும் கொடுப்பார்கள். பல கடைகளில் சோற்றோடு கொஞ்சம் சூப் இலவசம். ரிக்‌ஷா ஓட்டுபவர், கட்டட வேலை செய்பவர், அலுவலகச் சிப்பந்தி எல்லோருக்கும் இதுதான் சாப்பாடு. பெரும்பாலும் நடத்துவது பெண்கள்.

இந்தக் கரிந்தேரியா என்ற சொல்லில் 'கறி' இருக்கிறது கவனித்தீர்களா? 1762ல் ஆங்கிலேயர்கள் மணிலாவைப் பிடிக்கப் போன கப்பல்கள் புறப்பட்ட இடம் நம்ம மதராஸ். இங்கிருந்து சிப்பாய்களையும் அழைத்துப் போனார்கள். 1764ல் படை திரும்பியபோது சிலர் திரும்பவில்லை. மணிலா பக்கத்தில் கைன்தா என்ற ஊரில் குடியேறி அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். கரிந்தேரியா என்ற பெயரும், நிலக்கடலை அரைத்து ஊற்றிச் செய்யும் காரே-காரே என்ற குழம்பும் அவர்கள் வழியாக வந்தவை என்று சொல்வோர் அங்கே உண்டு. வேறு விளக்கம் சொல்வோரும் உண்டு.

கரிந்தேரியா நடத்துவது சுலபமில்லை. காலையில் சந்தைக்குப் போகக் கையில் முதல் வேண்டும். அந்த முதலுக்கு வட்டிக்காரரிடம் போவார்கள். அங்கே அதற்கு 'ஐந்து-ஆறு' என்று பெயர். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்பித் தர வேண்டும். 5,000 பேசோ வாங்கினால் 6,000 பேசோ. தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து வசூல் செய்துகொண்டு போவார்கள். தண்டல், கந்துவட்டி எல்லாம் பார்த்த நமக்கு விளக்கம் தேவையில்லை. இந்தத் தொழிலில் வட இந்தியாவிலிருந்து, குறிப்பாகப் பஞ்சாபிலிருந்து போனவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

கணக்குப் பாருங்கள். மாதம் 20 சதவீதம் என்றால் 5,000 பேசோவுக்கு ஒரு மாத வட்டி 1,000. இந்தக் கொடுமையைக் குறைக்க 2017ல் அந்த அரசாங்கம் சிறு வியாபாரிகளுக்கு ஒரு கடன் திட்டம் கொண்டுவந்தது. மாதம் 2.5 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று வைத்தார்கள். அதே 5,000க்கு 125 பேசோ. மீதி 875 பேசோ யாருடைய உழைப்பு? சட்டி முன்னால் வெந்துகொண்டு நின்ற பெண்ணின் உழைப்பு. அதற்கும் முன்பே, 1986ல் லகூனா மாகாணத்தில் உருவான கார்டு என்ற அமைப்பு நிலமில்லாத கிராமப் பெண்களைக் குழுக்களாக்கிக் கடன் கொடுத்தது. பின்னால் அதுவே வங்கியானது. நாம் இங்கே குழு கட்டியது போலத்தான்.

லூசிங் அக்கா

இப்போது ஒரு பெண்ணின் கதை. பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கறியைப் பார்க்காமல் தொழிலைப் பாருங்கள்.

மணிலாவுக்கு வடக்கே பம்பாங்கா மாகாணத்தில் ஆஞ்சலஸ் என்று ஒரு நகரம். பக்கத்திலேயே கிளார்க் என்ற பெரிய அமெரிக்க விமானப்படைத் தளம் 1991 வரை இருந்தது. அங்கே சமையலுக்குப் பன்றியின் தலை வேண்டாத பொருள். அதனால் தலைக்கறி மிகவும் மலிவாகக் கிடைத்தது. ரயில் பாதை ஓரத்தில் கடை போட்டிருந்த லூசியா குனானன் அதை வாங்கினார். ஊரார் அவரை 'ஆலிங் லூசிங்' என்பார்கள். ஆலிங் என்றால் வயதில் மூத்த பெண்ணை மரியாதையாக அழைப்பது. நாம் 'லூசிங் அக்கா' என்றே சொல்லலாம்.

சிசிக் என்பது அந்தப் பகுதியில் பழைய சொல். 1732ல் வந்த ஓர் அகராதியிலேயே இருக்கிறது. பப்பாளிக்காய், கொய்யாக்காய் போன்றவற்றை வினிகர், உப்பு, மிளகு போட்டுப் பிசைந்தது என்று அன்றைக்கு அர்த்தம். பிறகு அது வேகவைத்த பன்றிக் காதைப் புளிப்பாகப் பிசைவதாக மாறியது. லூசிங் அக்கா 1970களின் நடுவில் ஒரு மாற்றம் செய்தார். காதையும் கன்னத்தையும் வேகவைத்து, தணலில் மொறுமொறுப்பாகச் சுட்டு, பொடியாக நறுக்கி, வெங்காயம், மிளகாய், கலமான்சி என்ற சின்ன எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கொடுத்தார். அதே ஊரில் மற்றவர்கள் சூடான இரும்புத் தட்டில் சத்தம் போடப் பரிமாறும் வழக்கத்தைச் சேர்த்தார்கள். நாடு முழுதும் பரவியது. வெளிநாடுகளுக்கும் போனது.

லூசிங் அக்கா 2008ல் காலமானார். 'சிசிக் ராணி' என்ற பெயர் அவரோடு நிற்கிறது. கடை அவர் பெயரிலேயே குடும்பத்தார் கையில் தொடர்ந்தது. 2017ல் ஆஞ்சலஸ் நகரசபை, சிசிக்கைத் தங்கள் ஊரின் பண்பாட்டுச் சொத்து என்று தீர்மானம் போட்டது. யாரும் சீந்தாத தலைக்கறி இப்போது சிசிக்குக்கென்றே காசுக்கு விற்கிறது.

பெயர் எப்படி நின்றது? கடைக்குத் தன் பெயரை வைத்தார். இடத்தை மாற்றவில்லை. ருசியை மாற்றவில்லை. சிசிக் என்றால் இன்னார் கடை என்று ஊர் வாயில் பதிந்துவிட்டது. அதன் பிறகு ஆயிரம் பேர் செய்தாலும் முதல் பெயர் அழியவில்லை.

நடமாடும் கடையிலிருந்து பெரிய உணவகம்

இன்னொருவர் எங்ராசியா குருஸ் ரேயஸ். ஊரார் 'ஆலிங் ஆசியாங்' என்பார்கள். 1936ல் மணிலாவின் லுனேத்தா பூங்கா பக்கத்தில் ஒரு வண்டியை நடமாடும் கடையாக்கி வியாபாரம் தொடங்கினார். அந்தக் காலத்தில் பணக்காரர்கள் போகும் உணவகம் என்றால் ஸ்பெயின் சாப்பாடு, அமெரிக்கச் சாப்பாடு, சீனச் சாப்பாடுதான். நம்ம நாட்டுச் சாப்பாடு வீட்டுக்குத்தான், விருந்தாளிக்கு இல்லை என்று அவர்களே நினைத்தார்கள். ஆசியாங் அக்கா ரொட்டிக்குள் அடோபோவை வைத்துக் கொடுத்தார். வீட்டுச் சாப்பாட்டையே தைரியமாக விற்றார். அந்த வண்டிதான் வளர்ந்து 'அரிஸ்டோக்ராட்' என்ற பெரிய உணவகமானது. இன்றும் மணிலாவில் நடக்கிறது.

இவர் கணவர் நீதிபதி. வசதி இல்லாத குடும்பம் அல்ல. ஆனால் தான் சமைக்கும் சாப்பாடு மேசையில் வைக்கத் தகுந்தது என்ற நம்பிக்கை முதலில் வந்தது அவருக்கு. அந்த நம்பிக்கை இல்லையென்றால் கடன் கிடைத்தும் பயனில்லை சகோதரிகளே.

பெயர் பின்னால் நின்ற இருவர்

இனி மறுபக்கம். 1945ல் யுத்தம் முடியும் நேரம். மாக்சிமோ ஹிமெனெஸ் என்ற ஆசிரியர் வீட்டுக்கு அமெரிக்கச் சிப்பாய்கள் வந்து போனார்கள். சாப்பிட்டதற்குக் காசு தருகிறோம் என்று வற்புறுத்தினார்கள். அப்படியே ஓர் உணவகம் உண்டானது. அதில் கோழி வறுவல்தான் பிரபலம். அந்தக் கோழியின் பக்குவத்தைக் கண்டவர் அவருக்கு மகள் முறையான ரூபி என்ற பெண். சமையலறை அவர் பொறுப்பு. ஆனால் கடைப் பலகையில் இருப்பது 'மாக்ஸ்'. இன்று பல நாடுகளில் கிளைகள். சாப்பிடுகிற எத்தனை பேருக்கு ரூபியைத் தெரியும்?

இரண்டாமவர் மரியா ஒரோசா. நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய பெண். 1893ல் பிறந்தவர். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக்குப் போய், விடுமுறைகளில் மீன் டப்பா அடைக்கும் ஆலையில் வேலை பார்த்து, வேதியியல் படித்தார். அங்கேயே வேலை கிடைக்கும் நிலையிலும் 1922ல் நாடு திரும்பி, அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். வெளியிலிருந்து டப்பாவில் இறக்குமதி செய்வதை நம் மண்ணில் விளைவதைக் கொண்டே செய்ய முடியாதா என்பதுதான் அவர் கேள்வி. தக்காளிக்குப் பதில் வாழைப்பழத்தில் சாஸ் செய்தார். சோயா மாவில் சத்துப்பொடி செய்தார். தவிட்டைச் சத்துணவாக்கினார். மின்சாரம் இல்லாத வீட்டுக்கு மண்பானையிலேயே அடுமனை அமைத்தார்.

செய்ததோடு நிற்கவில்லை. கிராமம் கிராமமாகப் பெண்களைச் சங்கமாகச் சேர்த்து, பழம் பதப்படுத்துவது, கோழி வளர்ப்பது, சத்தாகச் சமைப்பது எல்லாம் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். நூறு ஆண்டுக்கு முந்தைய மகளிர் குழு என்றே வைத்துக்கொள்ளலாம். ஜப்பான் பிடித்திருந்த யுத்த காலத்தில், முகாமில் அடைபட்ட கைதிகளுக்கு அவருடைய சத்துப்பொடி ரகசியமாகப் போய்ப் பல உயிர் காத்தது. ஊரை விட்டுப் போய்விடுங்கள் என்று சொல்லியும் அவர் வேலையை விடவில்லை. 1945 பிப்ரவரி 13ஆம் தேதி மணிலாப் போரில் குண்டுச் சிதறலுக்குப் பலியானார்.

இன்று அந்த நாட்டில் வாழைப்பழச் சாஸ் இல்லாத வீடு அபூர்வம். குழந்தைகளின் பிறந்தநாள் சேமியாவிலும் அதுதான். ஆனால் 1942ல் அதைத் தொழிலாகச் செய்து விற்கத் தொடங்கியவர் வேறொருவர். புட்டியில் இருப்பது கம்பெனிப் பெயர். மணிலாவில் ஒரு தெருவுக்கு ஒரோசாவின் பெயர் இருக்கிறது. அது கௌரவம்தான். புட்டியைத் திறக்கிற கைக்கு அது தெரிவதில்லை. அவர் பணத்துக்காகச் செய்யவில்லை, நாட்டுக்காகச் செய்தார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் பிள்ளை குட்டி வைத்துக்கொண்டு தொழில் செய்கிற நாம் பெயரையும் விலையையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

நட்சத்திர உணவகம்

கடைசிப் படிக்கு வருவோம். 2016ல் மணிலாவின் மக்காத்தி பகுதியில் டோயோ ஈட்டரி என்று ஓர் உணவகம் தொடங்கினார்கள். டோயோ என்றால் வேறொன்றுமில்லை, சோயா சாஸ். அங்கே குழந்தைகள் பாடும் ஒரு நாட்டுப் பாட்டு உண்டு. குடிசையைச் சுற்றி விளையும் 18 காய்கறிகளை வரிசையாகச் சொல்லும் பாட்டு. அந்தப் 18 காய்களையும் ஒரே தட்டில் வைத்து ஒரு பதார்த்தம் செய்தார் அந்த உணவகத்தின் ஜோர்டி நவாரா. சுரைக்காய், முள்ளங்கி, அவரை, கத்திரி, நிலக்கடலை, எள்! வீட்டுக் கொல்லையில் கிடப்பதுதான். 2019ல் அந்த உணவகம் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்களில் ஒன்றானது. 2016ல் ஆசியாவின் சிறந்த பெண் சமையல் கலைஞர் விருது பெற்ற மார்கரீத்தா ஃபோரெஸும் அந்த நாட்டவர்தான். 2025ல் காலமானார்.

மிஷெலின் என்று பிரான்ஸ் நாட்டு டயர் கம்பெனி ஒன்று, நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறது. உலகத்தில் அதற்குப் பெரிய மதிப்பு. 2022ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கசாமா என்ற பிலிப்பைன்ஸ் உணவகத்துக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. 2025 அக்டோபரில் முதல்முறையாக அந்த நாட்டுக்கே தனிப் பட்டியல் வந்தது. ஓர் உணவகத்துக்கு இரண்டு நட்சத்திரம், எட்டு உணவகங்களுக்கு ஒரு நட்சத்திரம். அந்த எட்டில் டோயோவும் ஒன்று. நியாய விலையில் நல்ல சாப்பாடு என்று 25 கடைகளைத் தனியாகக் குறித்தார்கள்.

பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் அங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் கரிந்தேரியாவில் பல நாள் சாப்பிடலாம். அதே புளி, அதே தேங்காய், அதே சேம்பு இலை. விலை எதற்கு? பொருளுக்கு அல்ல. ஒவ்வொரு நாளும் ஒரே ருசி, சுத்தம், பரிமாறும் விதம், இது எந்த ஊர் உப்பு, எந்த விவசாயி கீரை என்று சொல்லும் கதை, இத்தனைக்கும் சேர்த்துத்தான் விலை. அவர்கள் தங்கள் உழைப்பைக் கணக்கில் எழுதுகிறார்கள். கரிந்தேரியாப் பெண் அரிசி, எண்ணெய், விறகு எல்லாம் எழுதுவார். தன் கூலியை எழுத மாட்டார். வித்தியாசம் அங்கேதான்.

இன்னொரு செய்தியும் சொல்லிவிடுகிறேன். 2021ல் அந்த நாட்டு வணிகத் துறை, அடோபோவுக்கு ஓர் அளவு முறை எழுதப் போகிறோம் என்று அறிவித்தது. நாடே கொந்தளித்தது. "எங்க அம்மா செய்யற அடோபோவை அளக்க நீ யார்?" என்ற மாதிரி. சோயா சாஸ் போடாத வெள்ளை அடோபோ, தேங்காய்ப் பால் அடோபோ, மஞ்சள் அடோபோ என்று வீட்டுக்கு வீடு ஒரு விதம். வெளிநாட்டில் அறிமுகம் செய்யத்தான், யாருக்கும் கட்டாயமில்லை என்று துறை விளக்கம் கொடுத்தது. என் கருத்து என்னவென்றால், வீட்டில் கைப்பக்குவம் இருக்கட்டும். விற்கும் இடத்தில் அளவு இருக்கட்டும். அந்த அளவை அரசாங்கம் எழுத வேண்டாம். சமைக்கிறவரே எழுதி வைக்க வேண்டும். எழுதி வைத்தவருக்குத்தான் உரிமை நிற்கும்.

நாம் எடுத்துச் செல்ல வேண்டியவை

ஒன்று: பொருளுக்குப் பெயர் வையுங்கள். கோழிக்காலுக்கே பெயர் வைத்து விற்றார்கள். வெறுமனே 'ஊறுகாய்' என்று ஒட்டாமல், எந்த ஊர், எந்தக் குழு, யார் பக்குவம் என்று ஒட்டுங்கள். ரூபி போலப் பின்னால் நிற்க வேண்டாம்.

இரண்டு: அளவை எழுதி வையுங்கள். "கைக்கு வந்தபடி" என்றால் அந்தக் கை காய்ச்சலில் படுத்த நாளில் வியாபாரமும் படுத்துக்கொள்ளும். உப்பு எத்தனை கிராம், எத்தனை நிமிடம் என்று ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மூன்று: உங்கள் கூலியை அடக்க விலையில் சேருங்கள். காலை நான்கு மணிக்கு எழுந்து மாவரைத்த இரண்டு மணி நேரத்துக்கு எவ்வளவு? மற்றவர் வீட்டில் அந்த வேலை செய்தால் என்ன வாங்குவீர்களோ அதை எழுதுங்கள். விலையை உடனே கூட்டச் சொல்லவில்லை. முதலில் தெரிந்துகொள்ளுங்கள். லாபம் என்று நினைத்தது லாபமா, நம் கூலியா என்பது அப்போது தெரியும்.

நான்கு: தினசரி முதலுக்குத் தண்டல்காரரிடம் போகாதீர்கள். ஐந்து-ஆறு கணக்கைச் சொன்னேன். குழுவில் உள்கடன் இருக்கிறது. சிறு தொகை, குறுகிய தவணை என்று கேட்டால் கொடுக்கும்படி ஒவ்வொரு குழுவும் தீர்மானம் போடலாம்.

ஐந்து: உணவுப் பாதுகாப்புப் பதிவு செய்யாமல் பெரிய இடத்துக்குப் பொருள் போகாது. பதிவு செய்யாதவர்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள், கூட்டமைப்பு மூலமாகச் சேர்ந்து செய்துகொள்ளலாம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு பதார்த்தத்தைத் தேர்ந்தெடுத்து வாருங்கள். அதன் பெயர், அளவு, அடக்க விலை, கூலி, கற்றுக்கொடுத்தவர் பெயர், இந்த ஐந்தும் நடவடிக்கைப் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். கற்றுக்கொடுத்தவர் உங்கள் மாமியாராக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம். அவர் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அந்தப் பதார்த்தம் நாளைக்கு எந்த மேசைக்குப் போனாலும், அந்தப் பெயரும் கூடப் போகட்டும்.